ஜெயசீலி அக்கா அடித்த ஹாரன்

பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஊரப்பாக்கத்திலிருந்து ஜெயசீலி அக்காவின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க மேடம். தூக்கத்துலயே" என்றார். தாம்பரத்தில் அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்கும், ஆசிரியர் அறையில் அவரோடு டிபன் பாக்ஸைப் பங்கு போட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அக்காவின் ஒரே மகன் டேனியல் வேலைக்காக இங்கிலாந்து போனவன். ஒரு மழை நாளில், குறுகலான கிராமத்துச் சாலையின் வளைவில், எதிரே வந்த டிராக்டரில் அவன் கார் மோதியதில் அங்கேயே இறந்துவிட்டான். அதற்குச் சில மாதங்கள் முன்பு, ஹாரன் அடித்ததற்காக யாரோ திட்டியதாகப் போனில் குறைப்பட்டிருக்கிறான். "நம்ம ஜி.எஸ்.டி. ரோடு பழக்கத்த அங்க காட்டாதப்பா. ஹாரன்ல கையே வைக்காத" என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவன் அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை.

அடக்கம் முடிந்த கொஞ்ச நாளில் அக்கா கார் கற்றுக்கொள்ளப் போனார். முடிச்சூர் பக்கம் ஓட்டிப் பழகும்போது வெறும் ரோட்டிலும் ஹாரன் அடிப்பார். பக்கத்தில் உட்கார்ந்த எனக்குக் காது அடைத்துப்போகும். "அக்கா, ஆளே இல்ல" என்றால், "இல்லேன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்பார். கணக்கு டீச்சரிடம் வாய் கொடுத்து ஜெயிக்க முடியுமா?

ஓய்வு பெற்றதும் தனியாக இங்கிலாந்து கிளம்பினார். "வெயில் காலத்துல போங்களேன்" என்றேன். "இல்ல சுமதி, மழைலதான் பாக்கணும்" என்றார். அங்கே வாடகைக் கார் எடுத்துக்கொண்டு, தினமும் படங்கள் அனுப்பினார். நனைந்த கற்சுவர், பச்சை வயல், தூரத்தில் ஆடுகள், எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு வளைவு. ஆள் ஒருவர்கூட இல்லை. நாங்கள் வாட்ஸ்அப்பில் இதயமாகப் போட்டுத் தள்ளினோம். ஊர் சுற்றினால் மனசு ஆறும் என்று நினைத்தோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

திரும்பி வந்த பிறகுதான் சொன்னார். அந்த மழையில் ஹாரன் அடித்தால் வளைவுக்கு அந்தப் பக்கம் கேட்குமா என்று பார்க்கத்தான் போயிருக்கிறார். கேட்காது என்று தெரிந்தால் போதும், மகன் செத்தது தன்னால் இல்லை என்று நம்பலாம். வளைவுக்கு வளைவு நிறுத்தி, ஹாரன் அடித்து, யாரும் வரவில்லை என்பதற்குப் படமும் எடுத்திருக்கிறார். "கணக்குக்கு ப்ரூஃப் வேணும்ல" என்றார். நாளுக்கு நாள் நம்பிக்கை கூடியதாம். கடைசி நாள் டேனியல் இறந்த வளைவுக்கே போய், கொட்டுகிற மழையில் அடித்திருக்கிறார். வளைவைத் தாண்டி ஒரு வீடு. அங்கிருந்து ஒரு பெண் கத்திக்கொண்டே ஓடி வந்திருக்கிறாள்.

"அவளுக்குக் கேட்டிருக்கு சுமதி."

டிராக்டர் சத்தத்தில் கேட்டிருக்காது என்றேன், என்னென்னவோ சொன்னேன். "வீட்டுக்குள்ள இருந்தவளுக்கே கேட்டிருக்குடி" என்று தலையில் அடித்துக்கொண்டார். அதன்பின் அவர் காரைத் தொடவில்லை. மழை வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு டிவியை அலறவிடுவார்.

போன மாதம் ஒரு படத்தைப் பிரிண்ட் போட்டு என்னிடம் கொடுத்தார். "கிழிக்க முடியல, வீட்ல வச்சுக்கவும் முடியல. நீ வச்சுக்க" என்றார்.

அக்கா சமாதானத்தோடு நித்திரையடைந்தார் என்று சபையில் அறிவித்தார்கள். அதை நம்பத்தான் நானும் பார்க்கிறேன், முடியவில்லை. அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது அந்தப் படம் ஒன்றுதான். அதில் மழை பெய்கிறது. அந்தப் பெண் ஒரு கையில் குடை பிடித்து, இன்னொரு கையால் காதைப் பொத்தியிருக்கிறாள்.