உயிரோடு இருப்பவருக்குப் போட்ட மாலை

கொளுத்தாத சூடத்தின் வாசனை தெரியுமா உங்களுக்கு?

எங்கள் துபாய் ஜெபல் அலி வேர்ஹவுஸில் ஆயுத பூஜை என்றால் அந்த வாசனைதான். தட்டில் சூடம் இருக்கும், தீப்பெட்டி இருக்காது. ஸ்மோக் டிடெக்டர் அலறினால் மொத்தப் பேரும் வெயிலுக்கு ஓட வேண்டுமே! "பூஜை பண்ணிக்கோங்க. நெருப்பு மட்டும் மாஃபி, கிடையாது" என்று சேஃப்டி மேனேஜர் லொரெட்டா மேடம் சொல்லியிருந்தார்.

மேடம் அமெரிக்காவைச் சேர்ந்த கறுப்பினப் பெண்மணி. சிரித்தால் சரக்கு அடுக்கும் கடைசி ராக் வரை கேட்கும். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகி ஷார்ஜா வந்த புதிது. டிஸ்பாட்ச் கிளார்க் வேலை. எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி என்று ஒரு டீ டைமில் சொன்னபோது, மேடம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றிலிருந்து எனக்கு அவர் மேல் தனிப் பிரியம்.

மேடத்தின் கேபின் சுவரில் உயரத்தில் வரிசையாகச் சட்டம் போட்ட படங்கள் இருந்தன. எல்லோரும் கறுப்பினத்தவர்கள். பழைய கோட்டில் ஒரு டாக்டர், விமானத்தின் அருகில் ஒரு பைலட், கரும்பலகை முன் ஒரு கணக்கு டீச்சர், கறுப்பு அங்கியில் ஒரு ஜட்ஜ் அம்மா... யார் என்று நாங்கள் யாருமே கேட்டதில்லை. நம் வீடுகளில் உயரத்தில் படம் மாட்டியிருந்தால் அவர்கள் போய்ச் சேர்ந்தவர்கள். அதில் கேட்க என்ன இருக்கிறது?

அந்த வருடம் ஃபோர்க்லிஃப்டுகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து, பொரியும் சுண்டலும் எடுத்து வைத்தாயிற்று. மேடம் அபுதாபியில் மீட்டிங்குக்குப் போயிருந்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அறந்தாங்கி முருகேசனுக்கு மனசு கேட்கவில்லை.

"அக்கா, பூஜைக்கு விட்டதே அவங்கதான். அவங்க வீட்டுப் பெரியவங்களுக்கு ஒரு பூ வைக்கலன்னா நல்லாவா இருக்கும்?"

கீழக்கரை பாஷா பாய் எங்கள் ஸ்டோர்கீப்பர். பூக்கடைகள் இருக்கும் பர் துபாயில் ரூம் என்பதால் பூ வாங்கி வருவது அவர் பொறுப்பு. "வாங்கிட்டு வர்றது நம்ம வேலை. போடுறது உங்க பாடு" என்று மீதி மாலைகளை நீட்டினார். முருகேசன் ஏணியில் ஏறினான். நான் கீழே நின்று, கோணலாக இருக்கிறது, நேராகப் போடு என்று அதிகாரம் செய்தேன். கண்ணாடி மேல் சந்தனப் பொட்டு வேறு.

மேடம் மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். கதவருகே அப்படியே நின்றார். முகம் மலர்ந்தது.

"இவங்களை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது என்றதும் அவரே சொன்னார். எல்லோரும் மேடம் படித்த காலேஜில் படித்தவர்களாம். மற்ற காலேஜ்கள் கறுப்பர்களுக்குக் கதவைச் சாத்திய காலத்தில், அவர்களுக்காகவே ஏற்பட்ட காலேஜ் அது. "எங்கம்மா ஸ்கூல் வாசலைத் தாண்டினதில்ல. நான் படிச்சு முடிச்சேன்னா, இவங்கள்ல மூத்தவங்க முன்னால போனதாலதான்" என்றார். இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

அப்புறம் ஜட்ஜ் அம்மா படத்தின் மாலையைத் தொட்டார். "பூவுக்கு என்ன அர்த்தம்?"

முருகேசன் பெருமையாக முந்திக்கொண்டான். "டெட் பீப்புள், மேடம். ஃபுல் ரெஸ்பெக்ட்!"

மேடம் மாலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். ஜட்ஜ் அம்மா அவருடைய ஹாஸ்டல் ரூம்மேட். உயிரோடு இருக்கிறார். மறுநாள் அவருக்கு இதய ஆபரேஷன்.

 முருகேசன் மாலையைக் கழற்ற ஏணிக்கு ஓடினான். பாஷா பாய்தான் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"தங்கச்சி, உசுரோட இருக்கறவங்களைச் செத்துட்டாங்கன்னு தப்பா நெனச்சுட்டா ஆயுசு கூடும்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்கள்ல... அதை மேடத்துக்கிட்ட எடுத்துச் சொல்லும்மா."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். மேடம் ஏணிப் பக்கம் திரும்பி முருகேசனைக் கையமர்த்தினார். பிறகு, "அப்போ கழட்டாதே, இருக்கட்டும்" என்றார். போனில் படம் பிடித்துத் தோழிக்கு அனுப்பினார்.

மறுநாள் முருகேசன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பழனிக்கு மொட்டை நேர்ந்துகொண்டான். சாயங்காலம் மேடம் கேபினிலிருந்து அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டது... கடைசி ராக்கில் நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த வருடம் ஜட்ஜ் அம்மா துபாய்க்கு வந்தார். வேர்ஹவுஸுக்குள் நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி: "என்னைச் சாகடிச்ச ஆள் யாரு?" லீவில் பழனி போய் மொட்டையோடு திரும்பியிருந்த முருகேசனை ஃபோர்க்லிஃப்டுக்குப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று. அவனைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

இப்போது அந்த வேர்ஹவுஸில் பாதி வேலையை மெஷினே செய்கிறது. மெஷினுக்குப் பொட்டு வைக்க ஆளில்லை. முருகேசன் ஓமானில் சோஹார் போர்ட்டில், பாஷா பாய் பஹ்ரைனில் குதைபியாவில் சொந்தக் கடையில். மேடம் ரிட்டயராகி ஊருக்குப் போய்விட்டார். போன வருடம் அவர் காலேஜ் ஹாலிலேயே அவர் படத்தை மாட்டியிருக்கிறார்கள். அதை எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். அன்று நாங்கள் மூன்று பேரும் போட்ட ஆட்டத்தைக் கேட்காதீர்கள்.

போன வாரம் மேடத்திடமிருந்து ஒரு மெசேஜ். அவருக்கும் ஆபரேஷனாம். கடைசி வரியில், "எனக்குப் பூ உண்டா?"

முருகேசன் ஃபோர்க்லிஃப்டில் மேடம் படத்தை ஒட்டி, மாலை போட்டு அனுப்பினான். பாஷா பாய் தொழுகையில் துஆ செய்வதாகச் சொன்னார். நான் படத்தைப் பிரிண்ட் போட்டு, எங்கள் வீட்டு ஹாலில் உயரத்தில் மாட்டி, மல்லிகைப் பூவைச் சுற்றினேன்.

பக்கத்து ஃப்ளாட் அக்கா உள்ளே வந்தவர், படத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஐயோ... யாருடி தவறிட்டாங்க?"

"யாரும் தவறலக்கா. தவறிடக் கூடாதுன்னுதான்."