மில்லு இருமல்

முனீஸ்வரியை எங்கள் ஊரில் யாரும் பாவம் என்று சொன்னதில்லை. சொன்னால் விடமாட்டாள். திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர் எங்களுடையது. விடிவதற்கு முன்பே மில் வேன் வந்து ஹாரன் அடிக்கும். முதல் ஆளாய் ஏறி ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு, பிந்தி வருகிறவர்களை வாய்க்கு வந்தபடி ஏசுகிறவள் அவள்தான். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. புருஷன் பாண்டீஸ்வரன் ஆடு வளர்க்கிறான், மழை பெய்தால் கொஞ்சம் குதிரைவாலி விதைப்பான். ஒரே மகள் சுகந்தி மதுரையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள்.

முனீஸ்வரியின் அப்பா தங்கசாமி காசநோயில் செத்தவர். அவள் அப்போது பாவாடை கட்டிய பிள்ளை. அவர் துப்பும் சட்டியில் மண்ணள்ளிப் போட்டதும், சாயங்காலமானால் அனலாய்க் கொதிக்கும் உடம்பை ஈரத்துணியால் துடைத்துவிட்டதும் அவள்தான். அவர் போன பிறகும் அந்த வீட்டுக்குக் காச வீடு என்றே பேர் நின்றுவிட்டது. பெண் கேட்டு வந்தவர்கள் தெருமுனையில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். பாண்டீஸ்வரன் ஒருவன்தான் அந்தப் பேச்சைக் காதில் வாங்காமல் வந்து கட்டிக்கொண்டான். ஊர் வாய் என்ன செய்யும் என்பது அவளுக்கு அன்றைக்கே தெரிந்துபோனது.

போன ஆவணியில் அவளுக்கு இருமல் பிடித்தது. வேனில் பக்கத்து சீட்டில் உட்காரும் தங்கமாரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"மில்லு இருமல்க்கா. பஞ்சுத் தூசிய இத்தன வருசம் தின்னா இருமாம என்ன செய்யும். வெல்லத்தத் தின்னுட்டுப் படு."

வெல்லமும் தின்றாள், மருந்துக்கடையில் டானிக்கும் வாங்கிக் குடித்தாள். இருமல் நிற்கவில்லை. புரட்டாசி முடிவதற்குள் ஜாக்கெட் தொளதொளவென்று ஆகிவிட்டது. பிறகு சாயங்காலக் காய்ச்சல் வந்தது. அந்தக் காய்ச்சலை அவள் முன்பே தொட்டுப் பார்த்திருக்கிறாள், அப்பா உடம்பில். லீவு போட்டுவிட்டுத் திங்கட்கிழமை அரசு ஆஸ்பத்திரிக்குப் போவது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சுகந்தி அமெரிக்கக் கையேட்டோடு வீட்டுக்கு வந்தாள். அவளுடைய கல்லூரிக்கும் அங்கே உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் உண்டு. தேர்வானவர்கள் ஒரு பருவம் அங்கே போய்ப் படிக்கலாம், செலவு முழுக்க அவர்களுடையது. சுகந்தி தேர்வாகியிருந்தாள். ஜனவரியில் போய் மே மாதம் திரும்ப வேண்டும். போகிற பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் அந்தப் பல்கலைக்கழகம் ஒரு கையேடாகப் போனுக்கு அனுப்பியிருந்தது. அம்மா வெங்காயம் உரிக்க, மகள் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பாஸ்போர்ட்டையும் விசா காகிதங்களையும் பெரிய பெட்டியில் போடக்கூடாது, கையிலேயே வைத்திருக்க வேண்டும். மாத்திரை கொண்டுபோனால் டாக்டர் சீட்டும் கூட இருக்க வேண்டும். கருவாடு, விதை எதுவும் ஆகாது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். காலேஜுக்கு வெளியே போய் வேலை பார்த்தால் விசா போய்விடும். ஆடு மாடுகளோடு பழகியிருந்தால் இறங்கும்போதே அதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும்.

"ஆட்டப் பத்தி எதுக்குக் கேக்குறாங்க?"

"செருப்புல புழுக்கை ஒட்டிருந்தா அதுல நோய் வந்துருமாம்."

"போம்போது புதுச் செருப்பப் போட்டுக்க. பழசத் தொடாத," என்றாள் முனீஸ்வரி. அதுவரைக்கும் வீட்டில் சிரிப்புத்தான்.

அடுத்தது தடுப்பூசி. சுகந்தி விரலால் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "அங்க போனதும் டி.பி. டெஸ்ட்டு எடுப்பாங்களாம். வீட்டுல யாருக்காச்சும் இருக்கான்னும் கேப்பாங்களாம்."

"இருந்தா?"

"இருந்தா அடுத்த பிளைட்டுலயே ஏத்தி அனுப்பிருவாங்க," என்று சொல்லிவிட்டு, குளிருக்கு என்ன கோட்டு வாங்குவது என்ற பக்கத்துக்குப் போய்விட்டாள்.

அப்படி அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நோய்க்கிருமி இருந்தால் மருந்து கொடுப்போம், படிப்பு தடைப்படாது என்றுதான் அடுத்த வரியில் இருந்தது. அதை அவள் வாசிக்கவில்லை. இருபது வயதுப் பிள்ளை விளையாட்டாய்ச் சொன்ன ஒரு சொல். நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரமாய் வருகிறது. அந்தப் பிள்ளையைக் கோபித்து என்ன ஆகப்போகிறது?

திங்கட்கிழமை முனீஸ்வரி லீவு போடவில்லை. வேனில் ஏறி மில்லுக்குப் போனாள்.

அரசு ஆஸ்பத்திரியில் சளியைப் பார்த்தால் பேரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள், வீட்டில் உள்ளவர்களைத் தேடி வந்து பார்ப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் ஏறினால் அமெரிக்காக்காரனுக்குத் தெரியாமலா போகும் என்பது அவள் கணக்கு. மகள் திரும்பி வரும் வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. மே மாதம் வரை தாக்குப்பிடித்துவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள் படுக்கவில்லை. அக்கம்பக்கத்து ஊர்களில் ராத்திரி பைக்கில் வந்து ஆடு தூக்கிக்கொண்டு போகிற களவு நடந்துகொண்டிருந்தது. அதைச் சாக்காக வைத்து ஆட்டுக் கொட்டகையில் கட்டிலைப் போட்டுக்கொண்டாள். தனக்கென்று ஒரு டம்ளர், ஒரு தட்டு. சனி ஞாயிறு வருகிற மகள் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்துபோய்விடுவாள். தலைவாரிவிடச் சொன்னால் கை வலிக்கிறது என்பாள்.

கார்த்திகையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நெஞ்சுப் படம் எடுக்கும் முகாம் போட்டார்கள். ஆட்டோவில் மைக் கட்டிக் கூப்பிட்டார்கள். சுகாதார நர்ஸ் ராமலட்சுமி வீடு வீடாக வந்து, மில்லுக்குப் போகிறவர்கள் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு முனீஸ்வரி இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்தாள். முகாம் மூட்டை கட்டிப் போன பிறகே வேன் அவளைக் கொண்டுவந்து இறக்கியது. இறங்கினவள் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமியதை நானே பார்த்தேன். மில்லு இருமல் என்றுதான் நானும் நினைத்தேன்.

கிளம்புகிற வாரம் சுகந்தி கொட்டகைக்கே போய்க் கேட்டுவிட்டாள்.

"நான் போறது ஒனக்குப் பிடிக்கலையாம்மா? மூஞ்சி குடுத்துக்கூடப் பேச மாட்டேங்குற."

முனீஸ்வரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பிடிக்கவில்லை என்று சொன்னால் பிள்ளை தள்ளியே நிற்கும் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

"ஆமா, பிடிக்கல. போ, போய்த் துணிய எடுத்து வையி."

சுகந்தி அழுதுகொண்டே போனாள். மதுரை விமான நிலையத்தில் மற்ற தாய்மார்கள் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து நின்றபோது, இவள் பத்தடி தள்ளி டிராலிக்குப் பின்னால் நின்றாள். பெற்ற மகளை ஒருமுறை தொட்டு அனுப்பவில்லை. ஊர் அதற்கும் ஒரு பேச்சுப் பேசியது.

மகள் போன பிறகாவது ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். பாண்டீஸ்வரனுக்கு அப்போதுதான் விஷயம் முழுக்கத் தெரிந்தது. தலையணையை வெயிலில் போட எடுத்தவன், அதன் அடியில் ரத்தக்கறையோடு ஒரு துணியைப் பார்த்தான். பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தான். அவள் மசியவில்லை.

"பாப்பா மே மாசம் வந்துரட்டும். அதுக்கு முன்ன நீங்க யாருகிட்டயாச்சும் வாயத் தொறந்தா நான் இருக்க மாட்டேன்."

கொஞ்ச நாளில் மில்லுக்குப் போவதும் நின்றது. வேன் அவளுக்காக நின்று பார்த்துவிட்டுப் போனது, பிறகு நிற்காமலே போனது. கட்டிலில் அவள் படுத்திருப்பது தெரியாது, போர்வை மட்டும் கிடப்பதுபோல இருக்கும். போனில் மகள் முகம் பார்க்கக் கேட்டால், சிக்னல் இல்லை என்று சொல்லி வெறும் பேச்சோடு முடித்துக்கொள்வாள்.

மாசி மாதம் ஒரு நாள் காலை சுகந்தி கூப்பிட்டாள். பாண்டீஸ்வரன் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தான்.

"ம்மா, பயப்படாத. அந்த டி.பி. டெஸ்ட்டு எனக்குப் பாசிட்டிவ்னு வந்துருச்சு. நோய் இல்லையாம், கிருமி உள்ள சும்மா தூங்குதாம். எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல. நாலு மாசம் மாத்திர போட்டா சரியாயிரும்னு சொல்லிட்டாங்க."

முனீஸ்வரி போன் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"திருப்பி அனுப்பலையா?"

"அதுக்கெல்லாம் யாரும் அனுப்ப மாட்டாங்கம்மா. நான் கிளாசுக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கேன். அனுப்பிருவாங்கன்னு யாரு சொன்னா ஒனக்கு?"

முனீஸ்வரி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு இருமினாள்.

"வீட்டுல யாருக்காச்சும் இருக்கான்னு நர்சு கேட்டாங்க. எங்கம்மாவுக்கு மில்லு இருமல் மட்டுந்தான்னு சொன்னேன். ஒரு தடவ பாத்துட்டு வரச் சொன்னாங்கம்மா. போய்ட்டு வாரியா?"

"வாரேன் தாயி," என்றாள்.

பேச்சு முடிந்ததும் அவள் புருஷனைப் பார்த்தாள்.

"நான் தள்ளித்தானங்க படுத்தேன்?"

திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். ஆவணியிலும் புரட்டாசியிலும், தங்கமாரி பேச்சைக் கேட்டு வெல்லம் தின்றுகொண்டிருந்த நாட்களில், சனி ஞாயிறு வந்த மகளும் அவளும் ஒரே பாயில் படுத்தவர்கள். அதை எப்படி அவன் வாயால் சொல்லுவான்? ஆட்டோவுக்குப் போன் போட்டான்.

ஆட்டோ வந்தபோது அவளால் காலை ஊன்ற முடியவில்லை. பாண்டீஸ்வரன் தூக்கினான். ஆட்டுக்குட்டி கனம்கூட இல்லை என்று பிறகு என்னிடம் சொல்லி அழுதான். ஆட்டோவில் உட்கார வைக்கும்போது அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னு பாப்பாகிட்ட சொல்லிராதீக. யாரு சொன்னதுன்னு அவளுக்கு ஞாபகம் வந்துரும்."