பேனரில் மிஞ்சிய கை

தமிழ்ச்செல்விக்கு வந்தது கொஞ்சநஞ்சப் பொறாமை இல்லை. உட்கார்ந்து சாப்பிட்டால் சோறு இறங்காத பொறாமை. அதுவும் யார்மேல்? தானே கைபிடித்துக் கூட்டிவந்த பவானிமேல்.

தமிழ்ச்செல்விக்கு ஊர் குடிகாடு. வேலை சிதம்பரத்தில், மேலவீதிக்குப் பின்னால் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் அவள் கையைத் தாண்டித்தான் தெருவில் போய் நிற்கும். வருகிறவர்கள் குடும்பப் படத்தை அனுப்பிவிட்டு, "இவர மட்டும் வெச்சிக்கிட்டு மத்தவங்கள வெட்டிடும்மா" என்பார்கள். சண்டை போட்ட பங்காளி, முறைத்துக்கொண்ட சம்பந்தி என்று அவள் வெட்டி எறிந்த தலைகளுக்குக் கணக்கில்லை. ஒரே ஒரு தடவை தப்பு நடந்தது. ஒரு காதுகுத்து பேனரில் தாய்மாமனை வெட்டியவள், பிள்ளையின் தோளில் கிடந்த அவர் கையை எடுக்க மறந்துவிட்டாள். தெருவே அந்த மோதிரக் கையைப் பார்த்துச் சிரித்தது. தாய்மாமன் வீட்டார் ஆள் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதிலிருந்து முதலாளி ராஜமாணிக்கம் எந்த பேனரும் மெஷினுக்குப் போகும் முன் ஒரு கேள்வி கேட்பார்: "கை பாத்தியாம்மா?"

அந்த மெஷின் சத்தத்துக்குத் தப்பிக்கத்தான் அவள் முதலில் இயர்போன் மாட்டினாள். ஒரு மழை நாள் மதியம், ஆர்டர் எதுவும் இல்லை. யூடியூப் தன் பாட்டுக்கு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, ஃபின்லாந்துக்காரர்கள் நாலு பேரிடம் போய் நின்றது. ஒரு வார்த்தை புரியவில்லை. அடுப்பில் வைத்த பால் மாதிரி கிடார் வெகுநேரம் சும்மா கிடந்து, சட்டென்று பொங்கியது. முடிந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். எதற்கென்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அப்புறம் தேட ஆரம்பித்தாள். போர்ச்சுகலில் ஒரு பெண், மணிப்பூரில் மூன்று பையன்கள், சினிமா வாடையே படாத ஒரு சென்னை கோஷ்டி. பாட்டு உள்ளே போகப் போக ஆளும் மாறினாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டாள். கருப்புச் சட்டை, மடித்துவிட்ட கை, தடித்த மை, கட்டைவிரலில் வெள்ளி மோதிரம். பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பேரம் பேசி வாங்கிய ஒரு கருப்பு ஜாக்கெட். தினமும் வேலைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர், "எந்தக் கட்சிம்மா?" என்று கேட்டார். அம்மா பட்டம்மாள், "எழவு வூட்டுக்குப் போறாப்புல இருக்குது" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தமிழ்ச்செல்விக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. முப்பது வயதுவரை ஊரார் கண்ணில் படாமலே இருந்தவளுக்கு, திட்டுவதற்காகவாவது நாலு பேர் திரும்பிப் பார்த்தது பிடித்திருந்தது.

அதே பஸ்ஸில் பவானி புதுச்சத்திரத்தில் ஏறுவாள். ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிற பெண், தமிழ்ச்செல்வியைவிட ஐந்து வயது சின்னவள். பச்சை சுடிதார், இறுக்கிப் பின்னிய ஜடை. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னாக்கா கேக்கற? மூஞ்சி என்னமோ மாதிரி போவுதே" என்றாள். தமிழ்ச்செல்வி ஒரு காதில் இருந்ததை உருவி அவள் காதில் வைத்தாள். சிதம்பரம் வரைக்கும் பவானி அதைக் கழற்றவில்லை. இறங்கும்போது, "நாளைக்கும் குடுப்பியா?" என்று மட்டும் கேட்டாள்.

நாளைக்கும் கொடுத்தாள். ஒரு வருடம் தினமும் ஆளுக்கு ஒரு காது. மை தீட்டச் சொல்லிக்கொடுத்தாள். பிச்சாவரம் போனபோது, படகில் காற்றுக்குக் குளிருகிறது என்றவளுக்கு ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டாள். அது திரும்பி வரவில்லை.

திரும்பி வராதது ஜாக்கெட் மட்டுமா? பவானி இன்ஸ்டாகிராமில் 'ஒத்தக் காது' என்று ஒரு பக்கம் ஆரம்பித்தாள். தினம் ஒரு பாட்டு, தினம் ஒரு உடை. வாய் அவளுக்கு இயல்பாகவே இனிக்கும். தமிழ்ச்செல்வி நெஞ்சுக்குள் வைத்து ஊறப்போட்டதை எல்லாம் அவள் அரை நிமிடத்தில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். ஆயிரக்கணக்கில் ஆட்கள் சேர்ந்தார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துப் புண்ணியம் கட்டிக்கொள்கிறாளே என்று தமிழ்ச்செல்விக்கு வயிறு எரிந்தது. முதலாளியிடம் ஒருநாள் புலம்பியும் பார்த்தாள். அவர், "பாட்டு என்ன ஒங்கூட்டுக் கெணறாம்மா? ஆத்துல போற தண்ணி. ஐயா குடி, அம்மா குடின்னு போவ வேண்டியதுதான்" என்றார். சொல்லுவார். தேடித் தேடி அந்த ஆற்றைக் கண்டுபிடித்தது அவரா?

இதையும் தாங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் ஒரு காலை, பஸ்ஸில் காலேஜ் பெண் ஒருத்தி அவளை ஏற இறங்கப் பார்த்து ஆசையாகக் கேட்டாள்: "அக்கா, நீங்களும் 'ஒத்தக் காது' பாத்துதான் இப்புடி டிரஸ் பண்றீங்களா? சூப்பரா இருக்குது." அன்றையிலிருந்து தமிழ்ச்செல்வி அடுத்த பஸ்ஸுக்கு மாறிக்கொண்டாள். பவானி கேட்டதற்கு, கடையில் நேரம் மாறிவிட்டது என்று பொய் சொன்னாள்.

இப்படி இருக்கையில்தான் அந்த ஆர்டர் வந்தது. யுனிவர்சிட்டி பக்கம் மொட்டைமாடியில் புதிதாக ஒரு காபிக்கடை. நடத்துகிற அன்பரசு வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தான்: ஞாயிறு சாயங்காலம் 'ஒத்தக் காது' ஆட்களெல்லாம் கூடிப் பாட்டு கேட்கிறார்கள், வாசலுக்கு ஒரு பேனர் வேண்டும், மற்ற விவரத்தைப் பவானி போனில் சொல்வாள். கூடவே ஒரு படம்.

பிச்சாவரத்துப் படம். படகில் இரண்டு பேரும், நடுவில் ஒரே இயர்போன் ஒயர். பவானிமேல் அந்த ஜாக்கெட், அவள் தோளில் தமிழ்ச்செல்வியின் கை.

தமிழ்ச்செல்விக்கு ரத்தம் கொதித்தது. 'வேற படமே கெடைக்கலியா இவளுக்கு? என்னயே வெட்டறதுக்கு என்கிட்டயே அனுப்பறாளா?' தினமும் அதையே செய்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்? பவானியிடமிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. கவிழ்த்து வைத்தாள். மௌஸைப் பிடித்துத் தன் முடியை, தன் கன்னத்தை, தன் சிரிப்பை ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்தாள். அத்தனை சுத்தமாக அவள் யாரையும் வெட்டியதில்லை. பெரிய எழுத்தில் 'பவானி' என்று போட்டாள்.

கையை மட்டும் விட்டுவைத்தாள். மறந்து இல்லை, வேண்டுமென்றே. கட்டைவிரல் மோதிரத்தோடு அது அந்தத் தோளில் கிடக்கட்டும், யாரையோ வெட்டிவிட்டு வந்து நிற்கிறாள் என்று ஊர் பார்க்கட்டும்.

"கை பாத்தியாம்மா?" என்றார் ராஜமாணிக்கம்.

"பாத்துட்டேன் சார்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, வேடிக்கை பார்க்கத்தான் போனாள். நினைத்ததற்கு மேலேயே நடந்திருந்தது. வாசலில் பையன்கள் பேனருக்கு முன் நின்று அந்தக் கையைப் பிடிப்பதுபோல் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஃப்ரெண்டயே கழட்டி வுட்டுட்டாங்கடா" என்று ஒருவன் சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். தமிழ்ச்செல்விக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி மாடிப்படி ஏறுகிற வரைக்கும் இருந்தது.

மேலே லேப்டாப்புக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தன. ஒன்றில் பவானி உட்கார்ந்திருந்தாள், அழுது மை கலைந்திருந்தது. இவளைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தாள்.

"இன்னாக்கா இப்புடி ஆயிடுச்சி? நம்ம ரெண்டு பேரும் இருக்கற படத்தத்தான அனுப்பச் சொன்னேன்? ஒம் பேர மொதல்ல போடச் சொல்லலாம்னு எத்தினி வாட்டி போன் பண்ணேன், நீ எடுக்கவே இல்ல. நாந்தான் ஒன்ன வெட்டிட்டேன்னு கீழ எல்லாம் சிரிக்கறாங்க. ஒங்க கடையில யாருக்கா வெட்டுனது?"

தமிழ்ச்செல்வி பொய் சொல்லியிருக்கலாம். கடையில் இன்னொரு டிசைனர் இருக்கிறான், அவன் தலையில் கட்டியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் பவானி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தது இவளுடைய அந்தக் கையைத்தான்.

"நாந்தான்டி" என்றாள். "தெரிஞ்சேதான் வெட்டுனேன். கையையும் தெரிஞ்சேதான் வுட்டேன்."

பவானி பிடியை விட்டாள். மேலே போட்டிருந்த அந்தக் கருப்பு ஜாக்கெட்டைக் கழற்றி, மடித்து, தமிழ்ச்செல்வியின் கையில் வைத்தாள். "ஒன்னோடத நீயே வெச்சிக்க" என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜாக்கெட் போனதும் தெரிந்தது அந்தப் பழைய பச்சை சுடிதார்.

மைக்கைத் தட்டினாள்.

"மொத பாட்டு ஃபின்லாந்துலேர்ந்து. இத மட்டும் இல்ல, நான் போட்ட எல்லா பாட்டும் எனக்குக் குடுத்தது தமிழ்ச்செல்வி அக்கா. அதோ நிக்கறாங்க. பேனர்ல இருக்கறது அவுங்க கைதான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். இத்தனை நாளாக எந்த வார்த்தைக்காக அவள் வெந்துகொண்டிருந்தாளோ அதை ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டாள். ஜாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலை நிமிராமல் படிக்கட்டு ஓரமாக நின்றாள். அந்த இன்னொரு நாற்காலி பாட்டு முடிகிறவரை காலியாகவே இருந்தது.