வரிசை மாறிய பதில்கள்

"நம்ம சித்தி யாருக்கு வேலை பாக்குறாங்க? எங்களுக்கா, எங்க கமாண்டருக்கா?"

அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்டான். அவன் ராணுவ லாரி ஓட்டுகிறவன். கண்ணிவெடி புதைத்த சாலையில் போய்த் திரும்பிய பிரிவு அவனுடையது. முகாமிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவான். சித்தி அம்மாவின் தங்கை. அதே முகாம் மருத்துவமனையில் மனநல நிபுணர். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். காலையில் சிகிச்சை, மதியத்துக்கு மேல் ஆராய்ச்சி. போரிலிருந்து திரும்பிய டிரைவர்களின் தூக்கத்தையும் பயத்தையும் பற்றிய ஆராய்ச்சி அது. சம்பளம் கொடுப்பது ராணுவம். சந்தேகப்பட அது போதாதா?

பள்ளியை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் நான் வீட்டில் வளைய வந்துகொண்டிருந்தேன். எல்லாரையும் கவனிக்க நேரம் இருந்தது. சித்தி செருப்புச் சத்தம் கேட்கும்படிதான் நடப்பார். படி இறங்கும்போதே "நான்தான் வர்றேன்" என்று குரல் கொடுப்பார். திடீரென்று யார் முதுகுக்குப் பின்னாலும் போய் நிற்க மாட்டார். திடுக்கிடுகிறவர்களோடு பழகி வந்த பழக்கம். சொந்தக்காரன் என்பதால் அண்ணனைத் தான் பார்க்கக் கூடாது, வேறொரு டாக்டர்தான் பார்ப்பார் என்று ஒருமுறை சொன்னார். அதோடு சரி.

அம்மா விடவில்லை.

"ஏண்டி, என் புள்ள ஒழுங்கா தூங்குறானான்னு அந்த டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லக் கூடாதா?"

"கேக்க மாட்டேன்க்கா."

"கூடப் பொறந்தவகிட்டயே இப்படியா? வாயில என்ன பூட்டா போட்டிருக்கு?"

"ஆமா. அதுக்குத்தான் சம்பளமே."

முகாமில் சித்திக்கு 'டேப்பு' என்று பெயர். பேசுவதையெல்லாம் பதிவு செய்து மேலே அனுப்புகிறார் என்று நம்பினார்கள். ஒரு டிரைவர் மேசைக்கு அடியில் குனிந்து தேடினானாம். சித்தி மேசை டிராயரை உருவித் தரையில் வைத்துவிட்டு, "ஃபேனையும் பாத்துடுங்க, ஸ்டூல் தர்றேன்" என்றாராம். அவனும் ஏறிப் பார்த்தான்!

அவர்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. சித்தி வருவதற்கு முன்பு, தூக்கம் வரவில்லை என்று ஒரு டிரைவர் அப்போதிருந்த டாக்டரிடம் சொல்லியிருக்கிறான். அடுத்த வாரமே அவனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஊருக்குப் போகும்வரை எல்லாரும் அவனைப் பைத்தியம் என்றே கூப்பிட்டார்கள். அதைக் கண்ணால் பார்த்தவர் பிரிவின் சார்ஜென்ட். எல்லாருக்கும் அவர் 'மீசை'.

ஆராய்ச்சி தொடங்கியதும் மீசை முதல் ஆளாகப் போய்க் கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். மறுநாள் லாரி கழுவும் இடத்தில் பாடம் நடந்தது. அண்ணனும் இருந்தான்.

"முதல்ல தூக்கம் கேப்பாங்க. நல்லா தூங்குறேன்னு சொல்லு. ரெண்டாவது கனவு. வர்றதே இல்லன்னு சொல்லு. அப்புறம் பசி. டேய், பல்லைக் காட்டாம சொல்லணும்!"

ராணுவத்தில் எதையும் ஒத்திகை பார்த்துத்தான் செய்வார்கள். ஆனால் சித்தி ஒவ்வொருவரிடமும் கேள்விகளின் வரிசையை மாற்றுவார். முந்தின கேள்வி அடுத்த பதிலைக் கெடுத்துவிடக் கூடாது என்று ஆராய்ச்சியில் அப்படிச் செய்வதுண்டாம்.

"பசி எப்படி இருக்கு?"

"நல்லா தூங்குறேன் மேடம்."

"வீட்ல யார்கிட்ட மனசு விட்டுப் பேசுவீங்க?"

"கனவு வர்றதே இல்ல மேடம்."

அடுத்தவனும் அதே பாட்டைப் பாடினான். அதற்கு அடுத்தவனும். சித்தி பேனாவை மூடிவிட்டார்.

அந்தப் பதில்களை ஏற்றுக்கொண்டால் எல்லாரும் நலம் என்று ஆகிவிடும். பிரிவு மறுபடி அதே சாலைக்குப் போகும், அண்ணனும் போவான். தூக்கம் இல்லாதவன் ஓட்டும் லாரியின் பின்பக்கம் ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். சொல்லிக்கொடுத்தது யார் என்று கமாண்டரைத் தேட விட்டால், அதன்பின் எந்த டிரைவரும் வாயைத் திறக்க மாட்டான்.

கமாண்டர் அறையில் நடந்ததை, வாசலில் காது வைத்திருந்த கிளார்க் மீசையிடம் ஒப்பித்தார்.

"இதை வெச்சு, இவங்க மறுபடி சாலைக்குப் போகலாம்னு நான் கையெழுத்துப் போட முடியாது சார். இந்தப் பதில் எதையும் நம்ப முடியல."

"யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. யாரு அது?"

"தெரியாது. தெரிஞ்சாலும் என் ரூம்ல நடந்தது வெளியே வராது."

"சம்பளம் யார் குடுக்குறது?"

"நீங்கதான். வைத்தியம் பாக்க."

ஆராய்ச்சி நின்றது. முகாம் வாசலில் சித்தியின் அனுமதி அட்டையை வாங்கிக்கொண்டார்கள். பெயரைச் சொன்னால் அட்டை திரும்பி வரும் என்றார்கள்.

மீசை இதையும் நம்பவில்லை, நாடகம் என்றார். வேவு பார்க்க அண்ணனை அனுப்பினார். சித்தி மாடியில் திரைச்சீலை துவைத்துக்கொண்டிருந்தார்.

"சித்தி, யார் பேரைக் குடுத்தீங்க?"

"எந்தப் பேரு?"

"நடிக்காதீங்க. எங்க சார்ஜென்ட் பேரைத்தான்."

சித்தி கையிலிருந்த துணியைப் பிழிந்து முடித்தார். "அவர்தானா? எனக்கு இப்பதான் தெரியும்."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "சித்தி..."

"போய் அந்தக் கொடியை இழுத்துக் கட்டு."

அந்த வாரம் முழுக்க அண்ணன் முகாமில் செத்துப் பிழைத்தான். சித்தியிடம் உங்கள் பேரை உளறிவிட்டேன் என்று மீசையிடமே போய் ஒப்புக்கொண்டான். மீசை அவனை அடிக்கவில்லை. கிளார்க்கிடம் தினமும் விசாரித்தார். கமாண்டர் சித்தியை மறுபடி அழைத்துக் கேட்டதும், சித்தி மறுபடி உதட்டைப் பிதுக்கிவிட்டு வந்ததும் அவர் காதுக்கு எட்டின.

பிறகு மீசையே கமாண்டர் முன்னால் போய் நின்றார். "சொல்லிக்குடுத்தது நான்தான் சார்." ஒரு படி பதவியை இறக்கினார்கள். சித்தியின் அட்டை திரும்பி வந்தது. முதலில் போய் உட்கார்ந்து உண்மையைச் சொன்னவரும் மீசைதான். தனக்கு வரும் கனவுகளைத் தன் ஆட்களிடம் அவரே சொன்னார். அதனால் யாரும் யாரையும் பைத்தியம் என்று சொல்லவில்லை. சில டிரைவர்கள் சாலைக்குப் போனார்கள். மீசையும் அண்ணனும் இன்னும் போகவில்லை, சிகிச்சையில் இருக்கிறார்கள்.

இதில் பாதி அண்ணன் சொன்னது, மீதி மீசை சொன்னது. இதை எழுத இருவரும் சம்மதித்தார்கள், அதுவும் கடைசி வரிவரை படித்துக் காட்டிய பிறகு. சித்தி எதுவும் சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரிந்த வீட்டில், படையிலிருந்து திரும்பி, "நல்லா தூங்குறேன்" என்று கேட்காமலே சொல்பவர் யாராவது இருந்தால், தயவுசெய்து இதை அவருக்குக் கொடுங்கள். அவர் முதலில் உங்களையும் சந்தேகப்படுவார். பரவாயில்லை, கொடுங்கள்.