வேலாயி வீட்டுக் கதவு

தபால் வான் வளைவில் ஹோர்ன் அடித்ததும் வேலாயி செருப்பைக் கழற்றி, உபதபாலக வாசற்படியில் சோடியாக வைக்கிறார். பை அவிழ்ந்து கடிதங்கள் மேசையில் கொட்டப்படும்வரை உள்ளே வருவதில்லை. கொட்டிய மறுநொடி, கடிதம் கொடுக்கும் கருமபீடத்தின் முன் நிற்பார். வலது கை பலகைமேல், உள்ளங்கை மேலே பார்த்தபடி இருக்கும். வாய் திறந்து எதுவும் கேட்கமாட்டார். உபதபாலதிபர் மதுஷா கடிதங்களைப் பிரித்து முடித்து நிமிர்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில், "அம்மே, இன்னைக்கும் இல்ல, நே" என்பார். கை மூடிக்கொள்ளும்.

வான் வரவேண்டிய நேரம் காலை 10.40. தபால் வேலையில் ஓய்வுபெற்று இங்கே வந்து உட்காரும் நான் இந்த ஏப்ரல் முதல் குறித்து வருவதில், அது மிக முந்தி வந்தது 10.52க்கு, மிகப் பிந்தியது பிற்பகல் 1.15க்கு. வேலாயி மட்டும் 10.30க்கு வந்துவிடுவார். ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து வீதிக்கு நாலு கிலோமீட்டர் இறக்கம். திரும்பும்போது அதுவே ஏற்றம். அவருக்கு வயது ஐம்பத்தேழு. கொழுந்து பறிப்பதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. ஆனால் வாங்கில் உட்கார்ந்திருக்கும்போதும் விரல்கள் முந்தானை நுனியைக் கிள்ளிக்கொண்டேயிருக்கும்.

அவர் எதிர்பார்ப்பது ஒரே ஒரு கடிதம். இளைய மகள் நிரோஷா தோட்டப் பாடசாலை உதவி ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரவேண்டும். மூத்தவள் நிஷாந்தினிக்கும் தாதிப் பயிற்சிக்கு இப்படியொரு அழைப்பு வந்தது. அந்த உறையை நான் பார்த்திருக்கிறேன். தேர்வு 2022 மார்ச் 17. கடிதம் தோட்டத்து ஆபிசுக்குப் போய்ச் சேர்ந்தது 10ஆம் திகதி. கையில் கிடைத்தது 26ஆம் திகதி. நிஷாந்தினி இப்போது கொழும்பில் ஒரு தையல் தொழிற்சாலையில் நிற்கிறாள்.

தோட்டக் கடிதங்கள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு நேரே போவதில்லை. அவற்றுக்குத் தனிப் பை உண்டு. திங்களும் வியாழனும் ஆபிஸ் ஆள் வந்து எடுத்துப் போவார். அங்கிருந்து லயத்துக்கு எப்போது வரும் என்பதற்கு எந்தப் பதிவும் கிடையாது. முப்பத்திநாலு வருடம் பதிவுத் தபால் புத்தகம் எழுதியவன் நான். இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது. பைக்குள் போவதற்குமுன் கடிதத்தைப் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் வேலாயியின் திட்டம்.

நாட்டைப் பற்றி அவருக்குத் திட்டமான அபிப்பிராயங்கள் உண்டு. "முன்னேறலன்னு சொல்லமாட்டேன் ஐயா. முந்தி இருட்டுல குந்தியிருந்தோம். இப்ப லைட்டப் போட்டுக்கிட்டு குந்தியிருக்கோம்" என்பார்.

வான் சாரதி பிரதீஸ் ஒருநாள் சமாதானம் சொன்னான்: "இனிமே எல்லாம் போனுலயே வந்துரும் அக்கா. கடுதாசியே இல்ல."

"எங்க லயத்துல பாறை மேல ஏறி நின்னாத்தான் போன்ல கோடு காட்டும். பாறைக்கு அட்ரஸ் போட்டு அனுப்பச் சொல்லு."

"பாறைக்காச்சும் அட்ரஸ் இருக்கா?"

"இல்லதான். ஆனா ஓட்டுக் கார்டு மட்டும் கதவத் தட்டிக் கையில குடுக்கிறானுங்களே, தம்பி. அன்னைக்கு மட்டும் வீடு எப்படிய்யா தெரியுது?"

பிரதீஸ் வானை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மேற்பிரிவில் எண்பத்துநாலு குடும்பங்கள். எல்லாருக்கும் ஒரே முகவரி. எஸ். நிரோஷா என்ற பெயரில் மூன்று பேர்: வேலாயியின் மகள், பதினோராம் லயத்துச் செல்லமுத்துவின் மகள், ஆறாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி. "எங்க கதவுல நாலு நம்பர் இருக்கு. வந்து பாருங்க. ஆளாளுக்கு வந்து எண்ணிட்டுப் போறாங்க. அதுல ஒண்ண அட்ரஸ்ல போட்டா, அப்படி ஒரு நம்பர் எங்க புக்குல இல்லங்கிறாங்க" என்று வேலாயி சொன்னபோது நான் முழுதாக நம்பவில்லை. எண்ணிப் பார்க்காத எண்ணிக்கையை எழுதுவது என் வழக்கமல்ல.

ஆகவே மகளின் பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண்ணை அவர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். தன் பிறந்த திகதி அவருக்குத் தெரியாது. இந்தப் பன்னிரண்டையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்.

மே 21, புதன்கிழமை, 11.20. மதுஷா ஒரு நீள உறையை உயர்த்திப் பிடித்து, "அம்மே! ஆவா!" என்றார். வந்தாயிற்று என்பதை அவர் சிங்களத்தில் சொன்னது வேலாயிக்கு விளங்கியது. எஸ். நிரோஷா, மேற்பிரிவு. வேலாயி உறையை இரண்டு கையாலும் வாங்கி என்னிடம் நீட்டினார். பிரித்தேன். உள்ளே தனிச் சிங்களம்.

"படிங்க ஐயா."

"பொறுங்கோ, வாசிக்கிறன். நாளைக்குக் காலமை எட்டரைக்கு, கண்டியில. அசல் சான்றிதழ்களோட வரட்டாம்."

"நாளைக்கேவா? சரி, வந்துருச்சில்ல, அது போதும். நம்பரப் படிங்க."

நான் ஒவ்வோர் இலக்கமாக வாசித்தேன். அவர் உதடுகள் கூடவே அசைந்தன. ஏழாவது இலக்கத்தில் நின்றுவிட்டன.

"அது எம்மக இல்ல" என்றார்.

செல்லமுத்துவின் மகளுடைய கடிதம். பிறர் கடிதத்தைப் பிரித்தது தவறு. செய்தது நாங்கள் மூவரும்தான். வேலாயி உறையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மடித்துப் பைக்குள் போட்டால் அது மறுநாள் பகல்தான் தோட்டத்து ஆபிசுக்குப் போகும். அதற்குள் தேர்வு முடிந்திருக்கும். இருப்பது ஐந்து இடங்கள்தான் என்பதும் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரிந்தது. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றார் என்று சொல்ல இயலாமலிருப்பது அதனால்தான்.

பிறகு உறையை இடுப்பில் செருகிக்கொண்டு, "என்னா நாடுய்யா இது! கழுத, ஒருத்திக்கு அனுப்பத் தெரியுது, இன்னொருத்திக்கு அனுப்பத் தெரியல" என்றார்.

"உங்கட மகளுக்கு?"

"அவ போறப்ப இவளும் கூடப் போகட்டும். கடுதாசி இல்லாட்டி என்னா? ஆள் இருக்கில்ல?"

நாலு கிலோமீட்டர் ஏற்றத்தை அன்று அவர் எவ்வளவு நேரத்தில் ஏறினார் என்று பின்பு கேட்டேன். "திட்டிக்கிட்டே ஏறினா தெரியாது" என்றார்.

மறுநாள் இரண்டு நிரோஷாக்களும் காலை 5.15 பஸ்சில் போனார்கள். பெயர்ப் பட்டியலில் வேலாயியின் மகளும் இருந்தாள். கடிதமும் 9ஆம் திகதியே அனுப்பியாயிற்றாம். ஏன் கொண்டுவரவில்லை என்று அங்கிருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். வரவில்லை என்று இவள் சொல்ல, அனுப்பியாயிற்று என்று அவர்கள் சொல்ல, இப்படியே ஒரு மணி நேரம். செல்லமுத்துவின் மகள் தன் கடிதத்தைக் காட்டி, இது வந்ததே இவளுடைய அம்மாவால்தான் என்று சண்டை பிடித்திருக்கிறாள். கடைசி ஆளாகப் பிற்பகல் 3.40க்கு உள்ளே கூப்பிட்டார்கள். நன்றாகச் செய்தாளாம். வெளியே வரும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். முடிவு தபாலில் அறிவிக்கப்படும் என்றிருந்தது.

"அடப் பாவிகளா, மறுபடியுமா?" என்று வேலாயி கருமபீடத்தில் தலையை வைத்துச் சிரித்தார். மதுஷாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நாளும் வான் ஹோர்ன் அடித்ததும் படியில் அதே செருப்புச் சோடி கிடந்தது.

யூன் 3, செவ்வாய்க்கிழமை, காணாமற்போன அழைப்புக் கடிதம் வந்து சேர்ந்தது. உறையில் ஒட்டியிருந்த துண்டில் இடம் போதாமல் தோட்டத்தின் பெயர் பாதியோடு நின்றிருந்தது. மேற்பிரிவு இல்லாத தோட்டம் எங்கே இருக்கிறது? இந்தக் கடிதம் வேறொரு தோட்டத்து மேற்பிரிவுக்குப் போய் அங்கே தங்கி, மூன்று முத்திரைகளைக் குத்திக்கொண்டு திரும்பியிருக்கிறது. கண்டியில் போட்டது மே 9. முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு இருபத்தைந்து நாள். நாளொன்றுக்கு 1.4 கிலோமீட்டர். வேலாயி அதைவிட அதிகம் தினமும் நடக்கிறார்.

அன்று நானும் ஓட்டோ பிடித்து மேலே போனேன். ஏழாம் லயம், நாலாம் காம்பரா. கதவில் எண்ணினேன். பச்சைப் பெயின்டில் தோட்டம் எழுதிய 7/4. குடிசனக் கணக்கெடுப்புக்காரர் ஒட்டிய 112. வாக்காளர் இடாப்பில் பெயர் பதிய வந்தவர்கள் சோக்கில் எழுதிய 61. டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர்கள் சிவப்பில் போட்ட 29. நாலுதான். நான் கொப்பியில் பார்த்தெழுதினேன்.

"இப்ப நம்புறீங்களா?" என்று கேட்டுவிட்டு வேலாயி உள்ளே போனார். வரும்போது ஒரு கையில் அந்த உறை, மறு கையில் ஒரு பிடி சோறு. உறையை அவர் பிரிக்கவேயில்லை. பின்புறம் முழுவதும் சோற்றை மசித்துத் தேய்த்து, கதவில் நாலு எண்களுக்கும் கீழே, நிரோஷாவின் பெயரும் மேற்பிரிவும் வெளியே தெரியும்படி வைத்து, நாலு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அழுத்தினார்.