பல்கனியிலிருந்து வந்த ஓம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். சண்டைக் காலம். ஐசி என்கிற அடையாள அட்டை இல்லாமல், பெருந்தெருவான காலி வீதிக்கு இறங்கினால் அன்றைய பொழுது பொலிஸில்தான் போகும். அதனால் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் வழக்கம். எனக்கு மட்டும் அது முற்றிவிட்டது.

வாசலில் ஒரு தரம், படி திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு தரம். ஒழுங்கைக்கு வந்ததும், பையில் கையை வைத்தபடியே பல்கனியைப் பார்த்துக் கத்துவேன்.

"இஞ்சரும், ஐசி வைச்சனானே?"

"ஓம், வைச்சனீங்கள். போங்கோ!" என்பாள் மனைவி.

அவள் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றால் இரண்டாம் மாடி முஸ்லிம் அம்மா பதில் சொல்வார்: "இருக்கு, போங்க!" இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பு வரும், அந்தக் கடற்காற்றும் கூடவே வரும். அப்போது சிரிக்கவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டுத் தவறவிட்டு, கந்தோரில் இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தேன். மூன்றாவது வந்தால் வேலை இல்லை.

கிருலப்பனையில் ஒரு மனநல டொக்டரிடம் போனேன். ஒரு தரம் பாருங்கள், பிறகு பையைத் தொடாதீர்கள், பயம் தானாக இறங்கும் என்றார் அந்த டொக்டர் அம்மா. ஒரு மாதம் முயன்றேன். இறங்கவில்லை. அடுத்த முறை மனைவியையும் கூட்டிவரச் சொன்னார்.

"இவர் கேட்டா என்ன சொல்லுவீங்கள்?"

"ஓம் எண்டு சொல்லுவன்."

"அந்த ஓம்தான் வைத்தியத்தைக் கெடுக்குது. முதல் தரம் பாக்கிறது பொலிசுக்கு. ரெண்டாம் தரம் கேக்கிறது பயத்துக்கு. அதுக்குப் பதில் சொல்லாதேங்கோ."

"இவரைப் பிடிச்சுக்கொண்டு போனா டொக்டரே வந்து எடுத்துத் தருவா?" என்று திரும்பி வரும் வழி முழுக்க பஸ்ஸில் புறுபுறுத்தாள் மனைவி. ஆனால் வீட்டுக்கு வந்ததும் மாடி மாடியாகப் போய், நான் கத்தினால் ஒருவரும் பதில் சொல்லக்கூடாது என்று சொல்லிவைத்தாள்.

மறுநாள் ஒழுங்கையில் நின்று கத்தினேன். பிளாட்டே ஊமையாகிவிட்டது. அவள் உடுப்புக் காயப்போட்டபடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகையே வந்தது. எத்தனையோ காலைகள் அப்படிப் போயின. பிறகு ஒரு நாள் கேட்காமலே போய் பஸ்ஸைப் பிடித்தேன். மூன்றாவது கடிதம் வரவேயில்லை.

சண்டை முடிந்து சில வருடங்களின் பின், ஒரு பின்னேரம் தேத்தண்ணீர் குடிக்கும்போது கேட்டேன். "உம்மால எப்பிடி அப்பிடிப் பேசாமல் நிக்க முடிஞ்சது?"

"நீங்கள் குளிக்கப் போனதும் நான் சட்டைப் பையைப் பாத்திடுவன்," என்றாள். "ரெண்டு மூண்டு தரம் பாப்பன். அப்பிடியும் நீங்கள் வந்து சேருமட்டும் எனக்குச் சோறு இறங்காது. என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே."

நான்தான் கேட்டிருக்க வேண்டும்.