மன்சாத்தாவின் தனிக் கிண்ணம்

மன்சாத்தா என்ற பெயரை நான் முதலில் கேட்டது தம்பி பெண்டாட்டி ஃபெண்டாவின் வாயால். மகன் பக்கரிக்குப் பெண் கேட்டுக் கோலாக் கொட்டை அனுப்பிவிட்டு நேரே என்னிடம்தான் வந்தாள். "மீன் புகை போடுற வீட்டுப் பொண்ணுக்கா. கை சுத்தம், வாய்தான் நீளம்" என்றாள். "அப்ப உனக்கேத்த மருமகதான்" என்றேன்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் மன்சாத்தா வயிற்றில் பிள்ளை. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து ஹெபடைடிஸ் பி என்றார்கள், ஈரலைப் பிடிக்கிற கிருமி. அவளுக்கோ ஒரு நோவும் இல்லை. பிறந்தபோதே தாயிடமிருந்து வந்திருக்கலாம், புருஷனையும் சோதிக்க வேண்டும், கிருமி இல்லையென்றால் தடுப்பூசி போட வேண்டும், கூட்டி வா என்றாளாம் நர்ஸம்மா. பக்கரி, நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நாளைக் கடத்தினான்.

காம்பியாவில் எங்கள் வீடுகளில் பெண்கள் எத்தனை பேரானாலும் ஒரே பெரிய கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து கையால் சாப்பிடுவோம். ஆண்களுக்கு இன்னொரு கிண்ணம். ஃபெண்டா மருமகளுக்கு மட்டும் சின்னதாக ஒரு நீலக் கிண்ணத்தைத் தனியாக எடுத்து வைத்தாள். ஊருக்கு அது போதும். தாய்வீட்டிலிருந்து, மூட்டையைக் கட்டிக்கொண்டு வா என்று ஆள் வந்துவிட்டது. மன்சாத்தா அசையவில்லை. கிண்ணத்தைப் பற்றிக்கூட அவள் அழவில்லை; புருஷன் ஊசி போட்டுக்கொள்ளவில்லையே என்றுதான் என்னிடம் அழுதாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மன்சாத்தா அந்த நீலக் கிண்ணத்தைக் கொண்டுவந்து மாமியார் எதிரில் வைத்தாள்.

"கிண்ணத்தப் பிரிச்சீங்க அத்தை, படுக்கையப் பிரிக்கல. இது சோத்துல ஒட்டாது. ரத்தத்துல ஒட்டும், படுக்கையில ஒட்டும். நான் நகம் வெட்டுற பிளேடுலதான் உங்க மகன் தாடி வழிக்கிறாரு."

மாமியாரிடம் பேசுகிற பேச்சா அது? முதலில் சிரித்தது நான்தான், சோறு மூக்கில் ஏறிவிட்டது. ஆண்கள் பக்கம் பக்கரி தலையைக் குனிந்துகொண்டான்.

திங்கட்கிழமை அவனே ஆஸ்பத்திரிக்குப் போனான். கிருமி இல்லை, அதைத் தடுக்கிற காப்பும் உடம்பில் இல்லை என்றார்கள். ஆறு மாதத்தில் மூன்று ஊசி. காப்பு வந்துவிட்டதென்று ரத்தம் பார்த்துச் சொல்லும்வரை ஆணுறை. கடைக்காரனிடம் அதைக் கேட்க வெட்கப்பட்டு, என்னைப் போய் வாங்கச் சொன்னான் படுபாவி. "இந்த வயசுல எனக்கெதுக்குன்னு கேப்பான்டா" என்று துரத்தினேன்.

பையன் பிறந்தான். பிறந்த அன்றே அவனுக்கும் ஊசி போட்டார்கள். எட்டாம் நாள் பெயர் வைக்கும்போது, எல்லார் கண்முன்னும் புது பிளேடைப் பிரித்துத்தான் பிள்ளைக்குத் தலை மழித்தோம். அன்று பெரிய கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்தபோது ஃபெண்டா மருமகளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, முள்ளெடுத்த மீனை அவள் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

மன்சாத்தா இப்போது பக்கரியோடும் மூன்று பிள்ளைகளோடும் பிரிக்காமா ஊரில் இருக்கிறாள். சந்தையில் புகை மீன் விற்கிறாள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரலைச் சோதித்துக்கொள்கிறாள்.